பெரட்டில் பேர் இல்லாத பறவை

எங்கள் வீட்டில் டிசம்பர் 31ஆம் தேதி இரவு கேக் வெட்டுவதில்லை. சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு நீல அட்டை போட்ட ஒரு கணக்குப் புத்தகத்தை நடுவில் வைப்போம். அப்பா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம், இடையில் நான். அந்த ஆண்டில் ராசாவில் எங்கள் வீட்டைச் சுற்றி என்னென்ன பறவைகள், என்னென்ன விலங்குகள் கண்ணில் பட்டன, காதில் விழுந்தன என்று மாதம் மாதமாகப் பார்த்துக் கூட்டி, கடைசிப் பக்கத்தில் ஓர் எண்ணை எழுதுவோம். டீ கொண்டுவந்து வைக்கும் மனைவி, "பேங்க் கணக்க இப்படிப் பாத்திருந்தா நாம எங்கேயோ போயிருப்போம்" என்பாள். ஆண்டுக்கு ஒருமுறை கேட்கிற வசனம் என்பதால் நாங்கள் யாரும் பதில் சொல்வதில்லை.

2023 கடைசியில் கூட்டிப் பார்த்தபோது மொத்தம் 58 வந்தது. அதற்கு முந்திய ஆண்டு 61. மூன்று குறைந்ததில் ஒன்று போகிற போக்கில் வந்த விருந்தாளி. அது வராததில் வியப்பில்லை. மற்ற இரண்டும் வீட்டுக்காரர்கள். ஒன்று, எங்கள் வாசல் செர்ரி மரத்துப் பூக்கொத்தி. இன்னொன்று, பின்பக்கச் செம்பனை மேட்டில் விடிவதற்கு முன் கத்தும் பக்கி. இரண்டின் எதிரிலும் ஆண்டு முழுக்க வெறும் கோடு. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு பேரும் ஆப்சென்ட்" என்றார்.

அந்த இரண்டு பூஜ்யங்களில் ஒன்று பொய் என்று தெரிய எங்களுக்குச் சில மாதம் ஆனது.

புத்தகம் தொடங்கிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து நாமெல்லாம் வீட்டுக்குள் அடைபட்டோமே, அந்த வாரம்தான். நான் கோலாலம்பூரில் கணக்காய்வு வேலை பார்க்கிறேன். இருட்டோடு சிரம்பான் நிலையத்துக்குப் போய் கொமுட்டர் ஏறி, இருட்டியபின் வீடு திரும்புகிறவனுக்குச் சொந்த வாசலில் காலை எப்படி விடிகிறது என்பது பல ஆண்டுகளாகத் தெரியாது. அடைபட்ட இரண்டாம் நாள் விடியற்காலை எழுந்து வந்தால், அப்பா முன்வாசல் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். தூங்குகிறார் என்று நினைத்தேன். "முராய் வந்துட்டான். இன்னும் செம்பகம்தான் பாக்கி" என்றார்.

முராய் என்று அவர் சொன்னது கறுப்பும் வெள்ளையுமாக வாலைத் தூக்கிக்கொண்டு பாடுமே, அந்தக் குண்டுகரிச்சானை. பெயர் மலாய்ப் பெயர்தான். நம் தோட்டத்து ஆட்களின் பறவைப் பெயர்களில் பாதி மலாய், பாதி தமிழ், கொஞ்சம் அவர்களே வைத்தது. கானாங்கோழியை அப்பா ருவாக்-ருவாக் என்பார்; அது கத்துவதே அப்படித்தான். புள்ளிப்புறா தெர்குக்குர். மரநாய் முசாங். தையல்சிட்டுக்கு மட்டும் "கத்தரிக்கோல்" என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார். அது அவருடைய லயத்தில் மட்டும் வழங்கிய பெயராக இருக்கலாம்.

அன்று நேரம் போகவேண்டுமே என்று நான் எழுதத் தொடங்கினேன். அப்பா கேட்டுச் சொல்ல, மகள் சன்னல் வழியாகத் தேடிக் கண்டுபிடிக்க, நான் எழுத. முதல் வாரத்திலேயே 22 வகை. நாய், பூனை, பக்கத்து வீட்டுக் கூண்டுக் கிளிக்குக் கணக்கில் இடமில்லை. காகம் உண்டா இல்லையா என்று மகள் ஒரு கேள்வி போட்டாள். "அது காட்டுப் பறவையாப்பா? நாமதானே சோறு வைக்கிறோம்?"

நல்ல கேள்வி. இங்கே நாம் அமாவாசைக்குச் சோறு வைக்கிற இந்தக் காகம் மலாயாவில் பிறந்து வளர்ந்த பறவை அல்ல. 1890களில் காப்பித் தோட்டங்களில் இலையைத் தின்று தீர்த்த புழுக்களை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து கப்பலேற்றிக் கிள்ளானில் கொண்டுவந்து விட்டார்கள். காப்பி போய் ரப்பர் வந்தது. வேலை போன காகம் ஊர் திரும்பவில்லை, இங்கேயே பெருகியது. அதோடும் மைனாவோடும் சேர்ந்து, முன்பு குளிர்காலத்தில் மட்டும் வந்துபோன குயிலும் இந்த மேற்குக் கரையில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. முட்டையிட அதற்கு வேறொருவர் கூடு வேண்டுமே! இதை அப்பாவிடம் சொன்னபோது வெகுநேரம் சிரித்தார். "நம்மள மாதிரியே கப்பல்ல வந்தவனா? அப்ப எழுது, எழுது."

எழுதும் முறையை அப்பாதான் வகுத்தார். அவர் பால்மரம் வெட்டியவர். அந்தக் காலத்தில் விடியுமுன்பே பெரட்டு. மண்டோர் பேர் கூப்பிடுவார். வந்தவருக்குச் செக்ரோலில் கோடு விழும். மாதக் கடைசியில் கிராணி அதைப் பார்த்துத்தான் சம்பளம் போடுவார். இளைய வாசகர்களுக்குச் சொல்கிறேன்: பெரட்டு என்பது தோட்டத்துக் காலை அணிவகுப்பு. பெரட்டில் பேர் விழாதவனுக்கு அன்றைக்குச் சோறு இல்லை. எங்கள் புத்தகமும் அப்படித்தான். கண்ணால் பார்த்தால் முழுக்கோடு, காதால் மட்டும் கேட்டால் அரைக்கோடு. "சத்தத்துக்கு அரைநாள் சம்பளம் போதும்" என்பது அப்பாவின் தீர்ப்பு.

அவர் காலத்துத் தோட்டத்தில் இப்படி யாரும் எழுதி வைத்ததில்லை. உண்மையைச் சொன்னால், நம் ஆட்கள் அழுங்கையும் உடும்பையும் கறிக்கணக்கில்தான் வைத்திருந்தார்கள். மழை பெய்த இரவில் லயத்துக் கால்வாயில் அழுங்கு சுருண்டு கிடந்தால் அது அன்றைய அதிர்ஷ்டம். இன்று அதே அழுங்கு, உலகத்திலிருந்தே அற்றுப்போகும் விளிம்பில் இருப்பதாக 2014இல் அனைத்துலகச் செம்பட்டியலில் ஏறிவிட்டது. நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முழுப் பாதுகாப்புப் பெற்ற உயிர். எங்கள் புத்தகத்தில் அழுங்குக்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கிறோம். இதுவரை ஒரு கோடுகூட விழவில்லை. அப்பா அந்த வரியை மட்டும் எடுக்க விடமாட்டார்.

மற்றபடி விலங்குக் கணக்கு சிறியது. அணில், குரங்கு, உடும்பு, கூரைக்குள் குடித்தனம் நடத்தும் முசாங், செம்பனைக்குள்ளிருந்து வந்து குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கும் காட்டுப்பன்றி. முசாங் வந்துபோனதைப் பார்க்கவே வேண்டாம், வாசனை போதும். ரம்பை இலை போட்டுச் சோறு வேகிற மணம். அதற்கு அரைக்கோடா முழுக்கோடா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

ஆண்டுக் கணக்கு வைக்கிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளில் அணி பிரிந்து, கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டு, அதிகம் சுட்ட அணி வென்றது என்று ஒரு விளையாட்டு இருந்தது. பிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர் 1900இல், சுடுவதற்குப் பதில் எண்ணுவோம் என்றார். முதல் ஆண்டு 27 பேர் எண்ணினார்கள். இன்று வரை நிற்கவில்லை. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலை ஒட்டி நான்கு நாள் பறவைகளை எண்ணுகிறார்கள். பள்ளி மாணவர்கள், ஐ.டி. ஊழியர்கள், குடும்பத்தோடு ஊருக்குப் போனவர்கள் என்று யாரும் சேரலாம். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை, கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய இபேர்ட் என்னும் தளத்தில் பதிகிறார்கள்.

அந்தத் தளம் முடிவில் ஒரு கேள்வி கேட்கும்: உங்களால் இனங்காண முடிந்த எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? பலர் யோசிக்காமல் ஆம் என்று தட்டிவிடுகிறார்கள். கணக்காய்வாளன் என்பதால் எனக்கு அந்தக் கேள்வியின் அருமை உடனே புரிந்தது. எல்லாவற்றையும் எழுதினேன் என்று ஒருவர் சொன்னால்தான், எழுதப்படாத பறவை அங்கே தென்படவில்லை என்று கொள்ள முடியும். அழகானதை மட்டும் எழுதிக் காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டால், பத்து ஆண்டு கழித்து மைனா குறைந்ததா, எழுதியவர் அலுத்துப்போனாரா என்று யாராலும் சொல்ல முடியாது. சாப்மன் தொடங்கிய கணக்கிலும், எத்தனை பேர் எத்தனை மணி நேரம் தேடினார்கள் என்பதைச் சேர்த்தே எழுதுகிறார்கள். எங்கள் நீலப் புத்தகத்தில் அது இல்லை. தேதியும் பேரும் கோடும் மட்டும்தான். யார் கேட்டது, எவ்வளவு நேரம் கேட்டது, ஒன்றும் கிடையாது. ஊரார் கணக்கில் இப்படி இருந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன்!

இனி அந்தப் பூக்கொத்திக்கு வருகிறேன். பெருவிரல் அளவுதான் இருக்கும். ஆண் பறவைக்கு உச்சந்தலையிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை முதுகில் ஒரே சிவப்புக் கோடு. செர்ரிப் பழமும், மரத்தின் மேல் ஒட்டிவளரும் புல்லுருவியின் பழமும் அதற்கு உயிர். அவ்வளவு சின்ன உடம்பை இலைக்கூட்டத்துக்குள் கண்ணால் பிடிப்பது கஷ்டம். ஊசியால் தகரத்தைத் தட்டுவது போன்ற மெல்லிய கீச்சு விடாமல் கேட்கும்; அதை வைத்துத்தான் இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் சத்தத்துக்குப் பொறுப்பு அப்பா.

2024 ஜனவரியில் பள்ளி விடுமுறை ஒருநாள் காலை மகள் வாசலில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். "தாத்தா, பூக்கொத்தி வந்துருச்சு. போடுங்க கோடு" என்றாள். அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். "எங்க பாப்பா?" "இதோ, மேலதான். கத்திக்கிட்டே இருக்குதே." அவர் மரத்தடிக்கே போய் நின்றார். அவள் விரல் நீட்டிய கிளையில் அந்தச் சிவப்புக் கோடு தெரிந்தது. அலகு திறந்து மூடியது. அப்பாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வாய அசைக்கிறான். சத்தம் வரல" என்றார்.

வயது ஏறும்போது காது முதலில் இழப்பது உச்ச ஒலிகளைத்தான். பேச்சு கேட்கும், லாரி கேட்கும், சமையலறையில் தட்டு விழுந்தால் கேட்கும். மெல்லிய கீச்சு மட்டும் கழன்றுவிடும். கழன்றது தெரியவும் தெரியாது. கேட்காத சத்தத்தை யார் தேடுவார்கள்? அப்பா கடைசிப் பத்து ஆண்டுகள் பால் ஸ்டோரில் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவர் வேறு. காது பரிசோதனையில் கொடுத்த வரைபடம், இடப்பக்கம் சமமாக ஓடி வலப்பக்கம் பள்ளத்தில் விழுந்திருந்தது. ஆக, ஓராண்டு முழுக்க வீட்டு வாசலில் கத்திக்கொண்டிருந்த பறவைக்கு நாங்கள் ஆப்சென்ட் போட்டிருக்கிறோம். வராதது பறவை அல்ல, எங்கள் காது.

அப்பா அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டதாகக் காட்டிக்கொண்டார். இரண்டு வாரம் விடியற்காலை நாற்காலி காலியாக இருந்தது. பிறகு ஒருநாள் தானாகவே வந்து உட்கார்ந்தார். "கீச்சுக்கெல்லாம் பாப்பா. தடிச்ச சத்தத்துக்கு நான்" என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தார். புத்தகத்தில் புதிதாக மூன்று கட்டங்கள் போட்டோம்: எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, எந்த இடம், யார்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மூவரும் தஞ்சோங் துவானுக்குப் போனோம். ராசாவிலிருந்து போர்ட்டிக்சன் வழியாகப் போனால் ஒரு மணி நேரப் பயணம். நெகிரி செம்பிலான் கரையில் இருந்தாலும் அந்த முனை மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். காட்டு வழியாக மேலேறினால் கலங்கரை விளக்கம். அங்கிருந்து பார்த்தால் மலாக்கா நீரிணை விரிகிறது, அக்கரை சுமத்ரா. குளிர்காலத்தை அங்கே கழித்த தேன் பருந்துகள் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வடக்கே சீனா, ஜப்பான், சைபீரியா என்று முட்டையிடத் திரும்புகின்றன. பெரிய இறக்கையை அடித்துக்கொண்டே இருந்தால் தெம்பு போய்விடும் என்பதால், தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றில் ஏறி மிதந்தே அவை பயணம் செய்யும். கடலின் மேல் அந்தக் காற்று கிடைக்காது. அதனால் நீரிணை ஒடுங்கிய இந்த இடத்தில் கடக்கின்றன. களைத்து, தாழ்ந்து, மரங்களுக்குச் சற்று மேலாக வந்து கரையேறும். மலேசிய இயற்கைச் சங்கம் இந்த வரவைக் கொண்டாட 2000ஆம் ஆண்டிலிருந்து விழா எடுக்கிறது. அந்தச் சங்கத்துக்கு வயது நம் நாட்டைவிட அதிகம், 1940இல் தொடங்கியது.

காலை பத்தரைக்குக் கடல்மேல் தூசி மாதிரி ஒரு புள்ளி. பிறகு ஏழு, பிறகு இருபது. கரையைத் தொட்டதும் அவை வெப்பக் காற்றைப் பிடித்துச் சுழன்று மேலே ஏறத் தொடங்கின. மகள் அவசர அவசரமாக எண்ணினாள். பக்கத்தில் கையில் எண்ணும் கருவியோடு நின்ற தொண்டூழியர் ஒருவர், சுழலும்போது எண்ணாதே, ஒன்றையே இரண்டு முறை எண்ணிவிடுவாய், உச்சிக்குப் போய் வரிசையாக வழுக்கிப் போகுமே, அப்போது எண்ணு என்றார். அப்பாவுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. பெரட்டிலும் கூட்டமாக நிற்கையில் தலை எண்ணமாட்டார்களாம். மலைக்குப் பிரிந்து போகும்போதுதான் எண்ணுவார்களாம்.

அங்கே நான் ஒரு தப்புச் செய்தேன். கூட்டத்தில் யாரோ வேறொரு பருந்தின் பெயரைச் சொல்லிக் கைகாட்ட, நானும் தலையாட்டி எழுதினேன். "நீங்க பாத்தீங்களாப்பா?" என்றாள் மகள். பறவையைப் பார்த்தேன். அது அந்தப் பறவைதானா என்று எனக்குத் தெரியாது. அடித்துவிட்டுக் கேள்விக்குறி போட்டேன். ஆண்டு மொத்தத்தில் ஒன்று குறைந்தது. புது எண் ஏறவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டால் கண்ணும் லஞ்சம் வாங்கும்.

பக்கிதான் மிச்சம். பூக்கொத்தி விஷயத்தில் பட்டதால், இதுவும் அப்பாவின் காதுதானோ என்று எனக்கு ஒரு நப்பாசை. ஆனால் பக்கியின் குரல் கீச்சு இல்லை. வெற்றுக் கட்டையில் சுத்தியலால் தட்டுவது போல டொக், டொக், டொக் என்று நிதானமாக, தடித்து வரும். பகலெல்லாம் சருகு நிறத்தில் தரையோடு தரையாகக் கிடக்கும். மிதிக்கப் போனால்தான் எழும். பொழுது சாயும்போதும் விடியுமுன்பும் பூச்சி பிடிக்கும். கூடு கட்டாது. வெறும் தரையில் ஒன்றிரண்டு முட்டையிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். அப்பாவுக்கு அது பெரட்டுக்கு எழுப்பிவிடும் பறவை. அதைக் கேட்டபடிதான் நாற்பது ஆண்டுகள் விளக்கைத் தலையில் கட்டினார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த செம்பனை மேடு 2022 கடைசியில் வெட்டப்பட்டது. மரங்களைச் சாய்த்து, நறுக்கி, மண்ணைச் சிவக்கச் சீவினார்கள். இப்போது அங்கே இரண்டு மாடி வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. இரவு முழுவதும் வெள்ளை விளக்கு. குறை சொல்லவும் எனக்கு வாய் இல்லை. நாங்கள் குடியிருக்கும் தாமானும் ஒரு காலத்தில் பால்மரக் காடுதான். அந்தக் காட்டுக்கும் முன்னால் அங்கே என்ன கத்தியது என்று கேட்டால் அப்பாவின் காதுக்கே தெரியாது.

ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் பூஜ்யம் போடக்கூடாது என்று முடிவாகியிருந்தது. 2024இல் மூன்று மாதம், வாரத்துக்கு இரண்டு நாள், காலை ஆறிலிருந்து ஆறே முக்கால் வரை வீட்டின் பின்வாசலில் மூவரும் பேசாமல் உட்கார்ந்தோம். தொலைவில் ஒலிபெருக்கியில் பாங்கு, நெடுஞ்சாலை லாரிகள், குயில், பிறகு முராய். மகள் காதுக்கும் பக்கி விழவில்லை. கைப்பேசியில் அதன் குரலைப் போட்டு அப்பாவிடம் கேட்டேன். சமையலறைக்கு அப்பாலிருந்து, "அதேதான். நல்லாக் கேக்குது" என்றார். அவர் குரலில் ஒரு சின்ன வெற்றி இருந்தது. காது சரி என்றால் பறவை இல்லை என்று அடுத்த நொடி உறைத்திருக்க வேண்டும். வந்து உட்கார்ந்துவிட்டார்.

டிசம்பர் நடுவில் அவராகவே சொன்னார், ஒருமுறை கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்ப்போம் என்று. லுக்குட் பக்கம் போகிற சாலையில், இன்னும் வெட்டாத செம்பனைக்குள் போகிற ஒரு மண்பாதை ஓரம் காரை நிறுத்தினேன். ஆறு இருபது. கண்ணாடியை இறக்கி விளக்கை அணைத்தோம். கொசு பிடுங்கியது. பத்து நிமிடம் ஒன்றுமில்லை. மகள் பின்சீட்டில் கொட்டாவி விட்டாள்.

அப்பா என் கையைத் தட்டினார். டொக். நிறுத்தி, டொக், டொக். அவர் விரல் என் கைமேல் அதே கணக்கில் தட்டிக்கொண்டிருந்தது. மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாதையில் கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்று பதில் சொன்னது.

வீட்டுக்கு வந்து பசியாறியபின் புத்தகத்தைத் திறந்தேன். பக்கி வரியில் அரைக்கோடு போடப் பேனாவைக் கொண்டுபோனதும் அப்பா தடுத்தார். "அது நம்ம பெரட்டு இல்லப்பா. வேற தோட்டத்து ஆளு."

வீட்டுப் பக்கத்தில் பக்கிக்கு எதிரே 0 என்று எழுதினேன். பக்கத்திலேயே, எத்தனை நாள் உட்கார்ந்தோம், எத்தனை மணி நேரம், யார் யார் என்பதையும் எழுதினேன். பிறகு மகள் புத்தகத்தை வாங்கிக் கடைசியில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திருப்பி, மேலே "லுக்குட் சாலை மண்பாதை" என்று தலைப்பிட்டாள். காலை 6.20 முதல் 6.45 வரை. பக்கி, இரண்டு. கேட்டவர்கள்: தாத்தா, நான், அப்பா.

"தாத்தாதான் முதல்ல கேட்டாரு" என்று சொல்லி, அதையும் எழுதினாள்.